புது கேமரா முன்பதிவு: ஆஃபரைக் கணக்குப் போடுவதும் பேட்டரிக்கு வழி செய்வதும்

சேலத்தில் நான் வேலை பார்த்த மண்டபங்களில் பாதிக்கு மேல், போட்டோகிராபர்களுக்கு என்று கொடுக்கும் அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கும். அதுவும் கண்ணாடிக்குப் பக்கத்தில். இரவு பத்தரைக்கு ரிசப்ஷன் முடிந்து கேமராவைக் கழற்றி வைத்து உட்காரும்போது அதில் யாரோ ஏற்கெனவே செல்போனைச் செருகியிருப்பார்கள். காலை நாலரைக்கு முகூர்த்தம் என்றால் மூன்றரைக்கு நாங்கள் தயாராக நிற்க வேண்டும். இடையில் கிடைப்பது ஐந்து மணி நேரம். அதற்குள் ஆறு பேட்டரி நிரம்ப வேண்டும்.

ஒரு பேட்டரிக்கு இரண்டரை மணி நேரம் எடுக்கும் சாதாரண சார்ஜர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இது நடக்காது. பதினைந்து மணி நேரம் ஆகிவிடும். இந்தக் கணக்கை யாரும் கேமரா வாங்கும் அன்று போடுவதில்லை. போன மாதம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணா, முன்பதிவு ஆஃபர் இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. பேக், கார்டு, டிரைபாட் எல்லாம் ஃப்ரீ. போட்டுடலாமா?" என்றான். "பெட்டிக்குள்ள சார்ஜர் இருக்கா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

முன்பதிவு ஆஃபரையும் பேட்டரி ஏற்பாட்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பது என் அனுபவம். பேட்டரித் தேவையை முதலில் எழுதிவிட்டால், எந்த ஆஃபர் லாபம், எது வெறும் அலங்காரம் என்று தானாகத் தெரிந்துவிடும். நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: பெட்டிக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள்

முன்பெல்லாம் பேட்டரியைக் கழற்றிச் செருகும் தனி சார்ஜர் பெட்டியிலேயே வரும். இப்போது அது உறுதியில்லை. ஃபியூஜிஃபில்ம் 2020-ல் எக்ஸ்-டி4 வெளியிட்டபோதே தனி சார்ஜரை எடுத்துவிட்டது. கேமராவுக்குள்ளேயே பேட்டரியை வைத்து டைப்-சி கேபிளில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். மற்ற நிறுவனங்களும் பல மாடல்களில் அதே வழிக்கு வந்துவிட்டன. சிலவற்றில் அடாப்டரும் கிடையாது, கேபிளும் கிடையாது.

நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போய், பெட்டியில் உள்ள பொருட்களின் பட்டியலைப் படித்துவிடுங்கள். வெளிநாட்டு யூடியூப் விமர்சனத்தை நம்ப வேண்டாம். ஒரே மாடலுக்கு நாட்டுக்கு நாடு பெட்டிச் சாமான் மாறும்.

அடுத்து, கையில் இருக்கும் பழைய பேட்டரி புது கேமராவில் வேலை செய்யுமா என்று பாருங்கள். உள்ளே நுழைந்தால் போதும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. நிக்கான் இசட்6, இசட்7 போன்ற மாடல்களில் பழைய இஎன்-இஎல்15, 15ஏ பேட்டரிகளைப் போட்டுப் படம் எடுக்கலாம், ஆனால் கேமராவுக்குள் வைத்து யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்ற முடியாது. அதற்கு 15பி அல்லது 15சி வேண்டும். கேனான் 2024-ல் ஆர்5 மார்க் 2-உடன் எல்பி-இ6பி என்ற புதுப் பேட்டரியைக் கொண்டுவந்தது. முந்தைய எல்பி-இ6என்எச் பேட்டரியும் அதில் ஓடும், ஆனால் சில வசதிகள் அடைபட்டுவிடும். வீட்டில் நான்கு பழைய பேட்டரி இருக்கிறது என்ற தைரியத்தில் முன்பதிவு செய்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது சரிபார்க்க வேண்டும்.

படி 2: உங்களுக்கு எத்தனை பேட்டரி வேண்டும்?

கேமரா விளம்பரத்தில் போடும் படங்களின் எண்ணிக்கை சிபா என்ற ஜப்பானிய அமைப்பின் சோதனை முறைப்படி வருவது. சோனி ஏ7 4-க்கு வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) சுமார் 520, திரையில் சுமார் 580 என்று இருக்கும். விட்டு விட்டு, நிதானமாக எடுத்து அளக்கும் கணக்கு அது. ஏற்காட்டில் பறவைக்காகத் தொடர்ச்சியாக அடித்தால் அதைவிடப் பல மடங்கு படம் கிடைக்கும். மண்டபத்தில் கேமராவை அணைக்காமல் வீடியோவும் போட்டோவும் மாறி மாறி எடுத்தால் அதில் பாதியும் வராது. அதனால் நான் படங்களை எண்ணுவதில்லை, நேரத்தை எண்ணுகிறேன்.

இன்றைய பெரிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களின் பேட்டரிகள் ஏறக்குறைய ஒரே அளவுதான். சோனியின் என்பி-எஃப்இசட்100 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர் அவர். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 16 வாட் அவர், அதாவது பேட்டரி தாங்கும் மொத்த மின்சாரம். நிக்கானின் 15சி, ஃபியூஜியின் டபிள்யூ235 எல்லாம் இதற்குப் பக்கத்தில்தான். தொடர்ந்து வீடியோ ஓடினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ரிசப்ஷன் நான்கு மணி நேரம் என்றால் ஒரு கேமராவுக்கு மூன்று பேட்டரி. இரண்டு கேமராவுக்கு ஆறு.

குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போய்ப் படம் எடுப்பவருக்கு இரண்டே போதும். சிறிய கேமராவாக இருந்தால் மட்டும் கவனம். கேனானின் சின்ன பாடிகளில் வரும் எல்பி-இ17 வெறும் 1,040 மில்லி ஆம்பியர் அவர், பெரிய பேட்டரியில் பாதி. அவர்களுக்கு மூன்று வேண்டும்.

படி 3: ஆஃபரைப் பிரித்து மேயுங்கள்

முன்பதிவு ஆஃபரில் வழக்கமாக வருபவை: கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, பேக், டிரைபாட், வங்கிக் கார்டுக்குக் கேஷ்பேக், பழைய கேமராவுக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ், வட்டியில்லா தவணை, கூடுதல் வாரண்டி.

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் கடைக்காரர் சொல்லும் மதிப்பு. வலது பக்கம், இந்த இலவசம் இல்லாவிட்டால் நீங்களே காசு கொடுத்து இதை வாங்குவீர்களா, வாங்கினால் என்ன விலைக்கு என்று. பேக்கும் சின்ன டிரைபாடும் பெரும்பாலும் வலது பக்கத்தில் பூஜ்யமாகிவிடும். நிறுவனத்தின் அசல் பேட்டரி மட்டும் முழு விலைக்கு நிற்கும், ஏனென்றால் அதை எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். "கூடுதல் பேட்டரி" என்று மட்டும் சொன்னால், அசலா வேறு கம்பெனியா என்று கேட்டுவிடுங்கள்.

மெமரி கார்டில் வி30, வி60, வி90 என்ற எழுத்தைப் பாருங்கள். நொடிக்குக் குறைந்தபட்சம் அத்தனை மெகாபைட் எழுதும் என்பதற்கான உறுதி அது. நொடிக்கு 600 மெகாபிட்டில் 4கே வீடியோ எடுக்கும் கேமராவுக்கு, எட்டால் வகுத்தால், நொடிக்கு 75 மெகாபைட் தேவை. இலவசமாக வரும் வி30 கார்டு அதற்கு உதவாது, போட்டோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வட்டியில்லா தவணையில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். 1,20,000 ரூபாய் கேமராவை மாதம் 10,000 வீதம் 12 மாதம் கட்டுகிறீர்கள், வங்கியின் வட்டி 15 சதவீதம் என்றால், அதில் சுமார் 9,200 ரூபாய் வட்டி. இந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,650 ரூபாய் உங்கள் தலையில் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. கேஷ்பேக்கும் தவணையும் சேர்ந்து கிடைக்குமா, ஒன்றுதான் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்ல மறக்கக் கூடாது. டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் 18 சதவீதம். 1,18,000 ரூபாய் பில்லில் 18,000 வரி. தொழிலுக்கு வாங்கும்போது அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும். எந்த இலவச பேக்கும் இந்தத் தொகைக்கு ஈடாகாது.

எக்ஸ்சேஞ்ச் போனஸைப் பொறுத்தவரை, போனஸை மட்டும் பார்க்காமல் பழைய கேமராவுக்குப் போடும் அடிப்படை விலையையும் சேர்த்துப் பாருங்கள். தெரிந்த போட்டோகிராபரிடம் நேராக விற்றால் வரும் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இவ்வளவு கணக்குப் போட்டும் வலது பத்தியின் கூட்டுத்தொகை சின்னதாக வந்தால், தீபாவளி வரை பொறுத்திருக்கலாம். வெளிவந்து சில மாதம் ஆனால் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) கோளாறுகளும் ஓரளவு சரியாகியிருக்கும். கையில் முகூர்த்த சீசன் இருக்கிறது, பழைய பாடி பழுது என்றால் மட்டும் அவசரப்படுங்கள்.

படி 4: அட்வான்ஸ் கொடுக்கும்போது

சில வருடங்களுக்கு முன் நான் முன்பதிவு செய்த கேமராவுக்கு ஒரு கூடுதல் பேட்டரி இலவசம் என்றார்கள். கேமரா வந்தது, பேட்டரி வரவில்லை. விசாரித்தால், வாங்கிய பதினைந்து நாளுக்குள் பில்லையும் சீரியல் எண்ணையும் ஒரு இணையப் பக்கத்தில் பதிவேற்றியிருக்க வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அது இருபதாம் நாள். அந்தப் பேட்டரி கடைசி வரை வரவே இல்லை, சொந்தக் காசில் வாங்கினேன்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைக் கடையிடம் எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்: இலவசப் பொருள் கடையிலேயே கையில் கிடைக்குமா, பதிவு செய்துதான் வாங்க வேண்டுமா, கடைசித் தேதி என்ன, வெளியாகும் நாளில் விலை குறைந்தால் குறைந்த விலை எனக்குக் கிடைக்குமா, சொன்ன தேதிக்குக் கேமரா வராவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வருமா. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தெரிந்த கடையாகவே இருக்கட்டும்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது இறக்குமதியாளர் வழியாக வராத பெட்டியாக இருக்கலாம். முறையாக வந்த பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அனைத்து வரிகளும் சேர்ந்த எம்ஆர்பி, மாதம், வருடம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அது இல்லாத கேமராவுக்கு இங்கே வாரண்டி கேட்டுப் போனால் கைவிரித்துவிடுவார்கள்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம்.

படி 5: சார்ஜ் ஏற்றும் வழிகள்

முதல் வழி, கேமராவுக்குள் வைத்தே டைப்-சி கேபிளில் ஏற்றுவது. தனிச் செலவு இல்லை. ஆனால் அடாப்டரும் கேபிளும் சரியாக இருக்க வேண்டும். அடாப்டரின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பிடி, அதாவது பவர் டெலிவரி என்று குறிப்பிட்டு 9 வோல்ட் 3 ஆம்பியர் என்ற வரி இருந்தால் நிம்மதி. வெறும் 5 வோல்ட் மட்டும் இருந்தால் சில கேமராக்களில் மெதுவாக ஏறும், கேனானின் ஆர், ஆர்5, ஆர்6 போன்றவற்றில் பிடி இல்லாமல் ஏறாது. செல்போனோடு வந்த அதிவேக சார்ஜர்கள் எல்லாமே பிடி ஆகிவிடாது. கேபிளின் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கட்டும்.

கேமராவை அணைத்தால்தான் பெரும்பாலான மாடல்களில் பேட்டரி நிரம்பும். ஆனில் இருக்கும்போது வரும் மின்சாரம் கேமரா ஓடுவதற்கே போய்விடும். அதுவும் ஒரு பயன்தான். மணவறைக்கு எதிரே டிரைபாடில் நிற்கும் கேமராவுக்கு ஒரு பவர் பேங்கைக் கட்டிவிட்டால் உள்ளே உள்ள பேட்டரி அப்படியே நிற்கும். நிக்கான் இசட்8-ல் இதற்காகவே இரண்டு டைப்-சி துளைகள் உண்டு, ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று தகவலுக்கு.

இரண்டாவது வழி டூயல் சார்ஜர். தொழில் செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஃபியூஜியின் இரட்டைச் சார்ஜரில் ஒரு பேட்டரிக்கு 150 நிமிடம், இரண்டையும் சேர்த்துப் போட்டால் 200 நிமிடம். ஆரம்பத்தில் சொன்ன மண்டபக் கணக்குக்கு இப்போது வாருங்கள். இரண்டு டூயல் சார்ஜரில் நான்கு பேட்டரி, இரண்டு கேமராவுக்குள் இரண்டு பேட்டரி. ஆக ஆறும் ஒரே சுற்றில், சுமார் மூன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். பத்தரைக்குப் போட்டால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும், யாரும் நடுராத்திரியில் எழுந்து பேட்டரி மாற்ற வேண்டியதில்லை. அந்த ஒரே பிளக் பாயின்டுக்கு நல்ல ஸ்பைக் கார்டு (மின்வீச்சுத் தடுப்பு) வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். ஜெனரேட்டர் மாறி மாறி ஓடும் மண்டபங்களில் அது சார்ஜரைக் காப்பாற்றும்.

மூன்றாவது பவர் பேங்க். 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்று போட்டிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வாட் அவர். வழியில் கால்வாசிக்கு மேல் வெப்பமாக வீணாகும். கைக்கு வருவது 50-க்குக் கொஞ்சம் மேல். 16 வாட் அவர் பேட்டரி மூன்று நிரம்பும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டில் தங்கி இரண்டு நாள் ப்ரீ வெடிங் ஷூட் எடுக்கும்போது இது கட்டாயம். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். ஷூட் தேதியைப் பேசும்போதே நான் அதையும் பார்த்துவிடுவேன்.

நான்காவது டம்மி பேட்டரி. பேட்டரி வடிவில் உள்ளே நுழைந்து, வயர் வழியாகச் சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கும். முகூர்த்தத்தை நேரலை செய்பவர்களுக்கு ஏற்றது. வயரில் யாரும் கால் தடுக்காமல் டேப் ஒட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: வி-மவுன்ட் என்ற பெரிய வீடியோ பேட்டரியின் டி-டேப்பிலிருந்து (மின்சாரம் வெளியே வரும் துளை) வருவது 14.4 வோல்ட், நிரம்பியிருந்தால் 16.8 வரை போகும். கேமரா எதிர்பார்ப்பது 7.2 முதல் 8.4. நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ள கேபிள் இல்லாமல் நேராக இணைத்தால் கேமரா போய்விடும்.

விமானத்தில் போகிறவர்கள் கூடுதல் பேட்டரியையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட் அவருக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை.

விலை குறைந்த வேறு கம்பெனி பேட்டரி வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு மே மாதத்தில் என்னுடைய அப்படிப்பட்ட பேட்டரி ஒன்று கேமராவுக்குள்ளேயே உப்பி, வெளியே வராமல் மாட்டிக்கொண்டது. கழற்றி எடுக்க சர்வீஸுக்குத்தான் போக வேண்டியிருந்தது, அன்று இருந்த வளைகாப்பு வேலையை நண்பர் ஒருவர் பார்த்துக் கொடுத்தார். வாங்கியே ஆக வேண்டுமானால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருப்பதை மட்டும் வாங்குங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு இத்தகைய பேட்டரியைக் கேமரா ஏற்காமல் போவதும் உண்டு.

படி 6: பெட்டி கைக்கு வந்த நாள்

பிரிக்கும்போது முழுதும் ஒரே வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி, பாடி, பில், வாரண்டி அட்டை எல்லாவற்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இலவசப் பொருளுக்குப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

முதல் சார்ஜ் எட்டு மணி நேரம் போட வேண்டும் என்பது நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் அயான் நிரம்பியதும் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரிகளுக்கு 1, 2, 3 என்று மார்க்கரில் எண் போட்டு, வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். நிரம்பியதற்கு ரப்பர் பேண்ட் போடுவது என் வழக்கம், தீர்ந்ததற்கு இல்லை. இருட்டில் கையை விட்டாலே தெரியும். நிக்கான் மெனுவில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரையும், கேனானில் சார்ஜ் தாங்கும் திறன் மூன்று கட்டங்களாகவும் காட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள்.

படி 7: அடிவாரத்து வெயிலும் மலைப் பனியும்

பேட்டரிக்குப் பகை சூடுதான். சித்திரை, வைகாசியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டு பேட்டரிப் பையை உள்ளே விட்டுப் போகாதீர்கள். ஷூட் முடிந்து சுடச்சுட இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பெரும்பாலான சார்ஜர்கள் 40 டிகிரி வரைக்கும்தான். ஆடி, மார்கழி என்று வேலை இல்லாத மாதங்களில் பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். முழுதாக நிரப்பியும் வைக்க வேண்டாம், காலியாகவும் வேண்டாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழிக் காலையில் பகோடா பாயின்டில் நிற்கும்போது விரல் மரத்துப்போகும், ஆனால் அந்தக் குளிரில் பேட்டரி பெரிதாக இறங்குவதில்லை. இரண்டாவது பேட்டரியைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் அந்தச் சிறிய இழப்பும் இருக்காது. அங்கே தொல்லை கொடுப்பது ஈரம். மேகம் நேராக முகத்தில் வந்து மோதும். லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்போம், பேட்டரியை மறந்துவிடுவோம். மாற்றும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காமல், கேமராவை வயிற்றோடு அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளுங்கள். பேட்டரியின் உலோக முனைகளை உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துக்கு வந்தபின் பையை உடனே திறக்காதீர்கள். சேலத்துச் சூடான காற்று குளிர்ந்த கேமராவில் பட்டால் உள்ளே வரைக்கும் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்திருந்து, அப்புறம் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போடுங்கள்.